விளக்கணையாத கடை

ஜப்பானின் தலைநகரான தோக்கியோவிலாயினும் சரி, வடகோடியில் பனி மூடிக் கிடக்கும் ஹொக்கைதோத் தீவின் சிற்றூரிலாயினும் சரி, நள்ளிரவு இரண்டு மணிக்கு வீதியில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது ஒரு சிறு கடையின் வெள்ளொளியே. உள்ளே நுழைந்தால் ஏறக்குறைய 3,000 வகைப் பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கும். கடற்பாசியில் சுற்றிய சோற்றுருண்டை, பெட்டிச் சாப்பாடு, பால், காலுறை, குடை, மின்கலம் என எதற்கும் குறைவில்லை. மின்கட்டணம் செலுத்தலாம், பொட்டலம் அனுப்பலாம், வங்கிப் பணம் எடுக்கலாம். 'கன்வீனியன்ஸ் ஸ்டோர்' என்னும் ஆங்கிலப் பெயரை அந்நாட்டார் 'கொன்பினி' எனச் சுருக்கிக்கொண்டனர். நாடு முழுவதும் இத்தகைய கடைகள் 50,000-க்கும் மேற்பட்டு உள்ளன.

இக்கடைகளின் வசதியைப் புகழ்ந்து எழுதியோர் பலர். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது, கல்லாப்பெட்டிக்குப் பின்னே நிற்கும் குடும்பத்தைப் பற்றியாகும். ஏனெனில் இவற்றுள் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கி நின்றாலும், அவற்றை நடத்துவோர் தனிப்பட்ட குடும்பத்தினரே. பெயரும் சரக்கும் முறையும் நிறுவனத்தினுடையவை. உழைப்பும் கூலிச்செலவும் பெரும்பாலான நட்டமும் குடும்பத்தினுடையவை. இம்முறைக்கே 'பிரான்சைஸ்' என்று பெயர். ஒருவருடைய பெயரை மற்றொருவர் விலை கொடுத்து வாங்கி வாணிகம் செய்யும் பெயருரிமை முறை என்று தமிழில் கூறலாம்.

இக்கடையின் பூர்வீகம் அமெரிக்காவாகும். 1927-ஆம் ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், பனிக்கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனை மேடையில் பணியாற்றியவர், பனிக்கட்டியோடு பாலும் ரொட்டியும் முட்டையும் விற்கத் தொடங்கினார். மற்றக் கடைகள் அடைத்த பின்னரும், ஞாயிற்றுக் கிழமைகளிலும் மக்களுக்கு இவை தேவைப்பட்டன. வாணிகம் வளர்ந்தது. காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருப்பதைக் குறித்து 1946-இல் 'செவன்-இலெவன்' என்று பெயரிட்டனர். அக்காலத்தில் அது பிறர் வியக்கத்தக்க நீண்ட நேரம். இரவு 11 மணிக்காவது கடை அடைக்கப்பட்டது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. 1960-களில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரக் கடை ஒன்று இரவு முழுதும் திறந்திருக்கத் தொடங்கியது. 1964-இல் பெயருரிமை முறையும் வந்து சேர்ந்தது.

ஜப்பானில் இதனைப் புகுத்தியது 'இத்தோ-யொக்காதோ' என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனமாகும். 1973-இல் அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வேளையில் பேரங்காடிகள் பெருகுவதைக் கண்டு ஜப்பானியச் சிறு வணிகர் அஞ்சினர். பெருங்கடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. சிறு வணிகரை அழிக்காமல் அவரோடு சேர்ந்து வாழ இயலும் என்று காட்ட விரும்பினார் அந்நிறுவனத்தின் தொஷிஃபுமி சுசூக்கி. தம்மோடு பணியாற்றியோரே நம்பிக்கையின்றி எதிர்த்த திட்டம் அது.

முதற்கடையை நடத்த முன்வந்தவர், தோக்கியோவின் தொயோசு பகுதியில் தந்தை விட்டுச் சென்ற மதுக்கடையை நடத்தி வந்த இளைஞர். செய்தித்தாளில் ஒப்பந்தச் செய்தியைப் படித்து, தாமே நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். 1974-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் கடை திறக்கப்பட்டது. முதலில் விலைபோன பொருள் 800 யென் பெறுமானமுள்ள கறுப்புக் கண்ணாடி. பால், ரொட்டி, அரிசி என்று எண்ணி எண்ணி அடுக்கியவர்களுக்கு அது வேடிக்கையாகவே இருந்திருக்கும்!

ஆனால் சில நாள்களிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. மொத்த வியாபாரிகள் சிறு அளவில் சரக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் பெட்டி பெட்டியாகவே கொடுப்பார்கள். விற்காத சரக்கு கடையை நிறைத்து, கிடங்கை நிறைத்து, அக்குடும்பம் வாழ்ந்த அறைகளுக்குள்ளும் புகுந்தது. சில்லறைக் கடை நடத்திய வீட்டில் பிறந்தவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. அரிசி மூட்டைமேல் அமர்ந்து பாடம் படித்த பிள்ளைகள் நம்மிலும் பலர் உள்ளனர். இந்த அடைசலைக் கண்டபின்தான், சரக்கைச் சிறு அளவில், நாளொன்றுக்குப் பலமுறை கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டை நிறுவனம் படிப்படியாக உருவாக்கியது. இன்று உலகமே வியந்து படிக்கும் முறை ஒரு குடும்பத்தின் படுக்கையறை நெருக்கடியில் பிறந்தது எனலாம்.

பின்னர் வளர்ச்சி விரைந்து வந்தது. 1975-இல் ஃபுகுஷிமா மாவட்டத்துக் கோரியாமா நகரில் முதன்முதலாக 24 மணி நேரக் கடை ஏற்பட்டது. 1982 முதல் எந்தப் பொருள் எந்நேரத்தில் விற்கிறது என்று கணக்கிடும் கணிப்பொறிக் கருவிகள் வந்தன. 1987-இல் மின்கட்டணம் வாங்கும் பணி சேர்ந்தது. இறுதியில் கடன் சுமையால் தள்ளாடிய அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பெரும்பங்கை 1991-இல் ஜப்பானிய நிறுவனமே வாங்கிற்று. மாணவன் ஆசிரியரின் வீட்டை விலைக்கு வாங்கியதைப் போன்றதே இது.

இனி, ஒரு குடும்பம் இக்கடையைப் பெறுவது எவ்வாறு எனக் காண்போம். இருவகை ஒப்பந்தங்கள் முக்கியமானவை. நிலமும் கட்டடமும் உடையவர் அவற்றோடு சேருவது ஒன்று. நிறுவனமே கட்டிய கடையில், ஏறக்குறைய 25 இலட்சம் யென் மட்டும் கொண்டுவந்து சேருவது மற்றொன்று. வீடு கட்டவும் போதாத தொகைக்குக் கடையே கிடைக்கிறதே என்று பலர் இரண்டாம் வகையை நாடுகின்றனர். ஒப்பந்தக் காலம் 15 ஆண்டுகள். கடையை முழுநேரமாகக் கவனிக்க இருவர் வேண்டும். கணவனும் மனைவியும், அல்லது பெற்றோரும் பிள்ளையும், அல்லது உடன்பிறந்தோரும் வரலாம். நடைமுறையில் பெரும்பாலும் தம்பதியரே வருகின்றனர். திருமண நாளில் பீடத்தின்முன் இட்ட கையொப்பத்திற்கு அடுத்தபடியாக இருவரும் சேர்ந்து இடும் பெரிய கையொப்பம் இதுவே என்றால் மிகையாகாது.

நிறுவனத்தின் பங்கு விற்பனைத் தொகையில் கணக்கிடப்படுவதன்று. கொள்முதல் விலை கழிந்த மொத்த இலாபத்தில் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் வகை ஒப்பந்தத்தில் அப்பங்கு பாதிக்கு மேற்பட்டது. இலாபம் உயர உயர விகிதமும் உயரும். எஞ்சியதிலிருந்து பணியாளர் கூலியையும் கெட்டுப்போன உணவின் விலையையும் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும். நியாயத்தின் பொருட்டு மறுபக்கத்தையும் கூறுவோம்: மின்கட்டணத்தில் பெரும்பகுதியை நிறுவனமே ஏற்கிறது, குறைந்தபட்ச வருவாய்க்கு உறுதி தருகிறது, பயிற்சி அளிக்கிறது, வாரந்தோறும் ஆலோசகரை அனுப்புகிறது. இக்கடையை நம்பிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை படிக்க வைத்தோரும், அப்பிள்ளைகளே பின்பு கடையை ஏற்று நடத்துவதும் உண்டு. ஆகையால் இதனைச் சூது என்று ஒதுக்கிவிட நாம் துணியவில்லை.

ஆனால் கெட்டுப்போன உணவைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. அதைச் சற்றுப் பொறுமையோடு பார்க்க வேண்டுகிறோம். குடும்பத்துக் கணக்கு எழுதும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஒரு சோற்றுருண்டையின் கொள்முதல் விலை 70 யென், விற்பனை விலை 100 யென் என்று வைத்துக்கொள்வோம். பத்து வாங்கி, எட்டு விற்று, இரண்டை நேரம் கடந்ததால் குப்பையில் எறிகிறோம். நமது அண்ணாச்சி கடைக் கணக்கு எப்படி இருக்கும்? வரவு 800, பத்துக்கும் கொடுத்த விலை 700, இலாபம் 100. அதைப் பங்கிடுவோம். ஆனால் கொன்பினிக் கணக்கில், எறிந்த இரண்டின் விலை இலாபம் காணும்போது கழிக்கப்படுவதில்லை. விற்ற எட்டின் விலையாகிய 560 மட்டுமே கழிக்கப்படும். எனவே மொத்த இலாபம் 240 ஆகிறது. நிறுவனத்தின் பங்கு நூற்றுக்கு 60 என்று கொண்டால் 144 யென் அங்கே செல்லும். கடைக்காரருக்கு எஞ்சும் 96 யென்னில், எறிந்த இரண்டின் விலை 140-ஐ அவரே தாங்க வேண்டும். முடிவில் அவருக்கு 44 யென் நட்டம்!

அந்த இரண்டையும் எறியாமல், நேரம் முடியுமுன் பாதி விலைக்கு விற்றிருந்தால்? வரவு 900, செலவு 700, இலாபம் 200. நிறுவனத்திற்கு 120, கடைக்காரருக்கு 80. உணவும் வீணாகவில்லை. ஆனால் நிறுவனத்தின் பங்கோ 144-இலிருந்து 120-ஆகக் குறைந்துவிட்டது. சிக்கலின் வேர் எங்கே உள்ளது என்பதை இந்த இரண்டு சோற்றுருண்டைகளே காட்டிவிடுகின்றன.

இக்கணக்கு முறை செல்லுமா என்று ஒரு கடைக்காரர் வழக்காடினார். 2007-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அது ஒப்பந்தத்திற்கு முரணானதன்று என்று கூறியது. ஆயினும் ஒப்பந்த வாசகம் எளிதில் விளங்கும்படி எழுதப்படவில்லை என்ற கருத்தும் நீதிபதிகளிடமிருந்து எழுந்தது. இரண்டாண்டு கழித்து, 2009 ஜூன் மாதத்தில், விலை குறைத்து விற்பதைத் தடுக்கலாகாது என்று அந்நாட்டு வாணிக நேர்மை ஆணையம் செவன்-இலெவன் நிறுவனத்திற்கு ஆணை பிறப்பித்தது. அதன்பின் எறியப்படும் உணவின் விலையில் நூற்றுக்கு 15 பங்கை நிறுவனம் ஏற்க முன்வந்தது. நாம் மேலே கண்ட எடுத்துக்காட்டில் அது 21 யென். நட்டம் 44-இலிருந்து 23-ஆகக் குறையும். நல்ல உணவைக் குப்பையில் கொட்டும் வேதனைக்கு எந்த விகிதத்தில் ஈடு செய்ய முடியும் என்பது வேறு கேள்வி. அப்பங்களைப் பலுகச் செய்த நம் ஆண்டவர், மீந்த துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் என்பதை நாம் ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்டு வருகிறோம்.

பணக்கணக்கைக் காட்டிலும் கடினமானது நேரக்கணக்கு. ஆண்டின் 365 நாளும், நாளின் 24 மணியும் கடை திறந்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் விதியாயிருந்தது. பகலில் பணிபுரிய ஆள் கிடைப்பர், நள்ளிரவில் கிடைப்பதரிது. இரவு வேலைக்குக் கூலியும் சட்டப்படி கூடுதல். கூலி கொடுக்க இயலாத அன்றும், ஆள் வராத அன்றும் நிற்பவர் யார்? கடைக்காரரே, அவர் விழுந்தால் அவர் மனைவி. மேற்கூறிய ஆணையம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கடை உரிமையாளர்க்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் ஓய்வு சராசரியாக 21 நாள்கள் அளவே என்று கண்டது. வாரத்திற்கு ஒரு ஞாயிறு என்று வைத்தாலே 52 வரவேண்டுமே! கணவன் இரவிலும் மனைவி பகலிலும் நிற்க, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் கல்லாப்பெட்டியருகே மட்டும் சந்திக்கும் தம்பதியர் எத்தனை பேரோ!

இவ்விதி 2019-ஆம் ஆண்டில் நாடறியப் பேசப்பட்டது. ஒசாக்கா நகரையடுத்த ஹிகாஷி-ஒசாக்காவில் ஒருவர் 2012 முதல் செவன்-இலெவன் கடை நடத்தி வந்தார். மனைவியும் அவரும் சேர்ந்தே உழைத்தனர். 2018-இல் மனைவி புற்றுநோயால் இறந்தார். பணியாளர் கிடைக்காத நிலையில், 2019 பிப்ரவரியில் அவர் நள்ளிரவுக்குப் பின் 1 மணிக்குக் கடையை அடைத்து, காலை 6 மணிக்குத் திறக்கலானார். ஒப்பந்தத்தை மீறியதற்கு ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் யென் கட்ட நேரிடும் என்று நிறுவனம் எச்சரித்தது. செய்தி பரவியதும் நாடெங்கும் அவருக்கு இரக்கம் பெருகிற்று. நிறுவனம் அபராதப் பேச்சைக் கைவிட்டது. தலைமை நிருவாகியும் மாற்றப்பட்டார்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து வந்த புகார்களையும், நம்பிக்கை முறிந்ததையும் காரணங்காட்டி, அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. நேரத்தைக் குறைத்ததற்கான பழிவாங்கல் இது என்றார் அவர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, மூடிக்கிடந்த அக்கடையின் வாகன நிறுத்துமிடத்தில் நிறுவனம் தற்காலிகக் கடை ஒன்றை எழுப்பி வாணிகத்தைத் தொடர்ந்தது. 2022 ஜூன் மாதம் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்து, கட்டடத்தை ஒப்படைக்குமாறு அவருக்கு ஆணையிட்டது. அவர் வாடிக்கையாளரிடம் நடந்துகொண்ட முறையில் பிழைகள் இருந்தன என்பதே நீதிமன்றத்தின் முடிவு. அதனை நாம் மறுக்கப் புகவில்லை. ஆயினும் மனைவியை இழந்து, உறக்கமுமிழந்து நிற்பவரிடம் இன்சொல் குறைவதைக் காணும்போது, நம் உள்ளம் நீதிமன்றம் கேட்காத கேள்விகளையும் கேட்கிறது.

அவர் தோற்றார், ஆனால் விதி தளர்ந்தது. 2019 நவம்பரிலிருந்து நள்ளிரவில் அடைக்க விரும்பும் கடைகளுக்கு அந்நிறுவனம் நெறிமுறை வகுத்தது. மற்ற பெருநிறுவனங்களும் இணங்கி வந்தன. 2020 புத்தாண்டு நாளில் 'லாசன்' நிறுவனம் நூறு கடைகளளவில் அடைத்துப் பார்த்தது. ஜப்பானியர்க்குப் புத்தாண்டு என்பது நமக்குக் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா போன்று குடும்பம் கூடும் நாள் என்பதை அறிந்தால், இச்சிறு செய்தியின் பொருள் விளங்கும்.

இவ்விடத்தில் திருச்சபையின் போதனையை நினைவுகூர்தல் தகும். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் விடுத்த 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், இரு தரப்பாரும் சம்மதித்துக் கையொப்பமிட்டனர் என்பதனாலேயே ஓர் ஒப்பந்தம் நீதியானதாகி விடாது என்று கற்பிக்கிறது. தேவையின் நெருக்கடியால் ஒருவர் ஏற்கும் கடின நிபந்தனையை இயற்கை நீதி கேள்வி கேட்கும். அதே மடல் ஞாயிறு ஓய்வையும் வலியுறுத்துகிறது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பு மனிதனுக்காகவே உள்ளது, மனிதன் உழைப்புக்காக அன்று என்னும் கருத்தைத் தம் சுற்றுமடலில் விரித்துரைத்தார். கொன்பினி உரிமையாளர் கூலியாளும் அல்லர், முழு முதலாளியும் அல்லர். இந்த இரண்டுங்கெட்டான் நிலையே அவரது துன்பம். தொழிற்சங்கம் அமைத்துப் பேச அவர்களுக்கு உரிமை உண்டா என்ற வழக்கிலும், அவர்கள் தொழிலாளர் ஆகமாட்டார்கள் என்றே 2019 மார்ச்சில் ஜப்பானியத் தொழிலுறவு ஆணையம் முடிவு கூறியது.

கடைக்குள் மற்றுமொருவர் நிற்கிறார். அவரை மறத்தல் ஆகாது. இன்று ஜப்பானிய நகரங்களில் இரவு வேளையில் கல்லாப்பெட்டியருகே நிற்போருள் நேபாளம், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த மாணவர் பலர். பள்ளி நாள்களில் வாரத்திற்கு 28 மணி நேரமே அவர்கள் பணிபுரியலாம் என்பது சட்டம். அவர்களுள் நம் மறையைச் சார்ந்தோரும் உண்டு. தோக்கியோவின் யொத்சுயாவிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் ஞாயிறுதோறும் பல மொழிகளில் திருப்பலி நடைபெறுகிறது; வியட்நாமியரும் அங்கே தம் தாய்மொழியில் செபிக்கின்றனர். இரவெல்லாம் கடையில் நின்றுவிட்டு இத்தகைய திருப்பலிக்கு வந்து கண்ணயர்ந்து போகும் பிள்ளையை ஆண்டவர் கடிந்துகொள்வார் என்று நமக்குத் தோன்றவில்லை.

வேறு வழியே இல்லையா என்று வாசகர் வினவலாம். ஹொக்கைதோத் தீவில் 1971-இல் தோன்றிய 'செய்கோமார்ட்' நிறுவனத்தைப் பாருங்கள். ஜப்பானியச் செவன்-இலெவனுக்கும் மூத்தது. அதன் கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றை நிறுவனமே நேரடியாக நடத்துகிறது; நட்டத்தை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றுவதில்லை. பல கடைகள் இரவில் அடைக்கப்படுகின்றன. புத்தாண்டு நாளிலும் பல கடைகளுக்கு விடுமுறை. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் நிலநடுக்கத்தால் தீவு முழுதும் மின்சாரம் அற்றுப்போனபோது, மோட்டார் வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கல்லாவை இயக்கிப் பெரும்பாலான கடைகளைத் திறந்து வைத்தவர்கள் இவர்களே. அடுப்பு எரிவாயுவில் சோறாக்கிச் சோற்றுருண்டை பிடித்துக் கொடுத்தனர். இரவில் உறங்கும் கடையும் ஆபத்தில் விழித்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் இக்காற்று வீசத் தொடங்கிவிட்டது. 2021 அக்டோபரில் மும்பையின் அந்தேரிப் பகுதியில் முதல் செவன்-இலெவன் கடை திறக்கப்பட்டது. தமிழக அரசு 2019-இல், பத்துப் பேருக்குக் குறையாத பணியாளர் உள்ள கடைகள் நாள் முழுதும் திறந்திருக்க அனுமதி வழங்கியது. பணியாளர்க்கு வார விடுமுறை உண்டு என்பதும் அதன் நிபந்தனை. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தோடும், ஓய்வூதியத் தொகையோடும் ஊர் திரும்புவோர், தேநீர்க் கடை, மருந்துக்கடை, ஐஸ்கிரீம் கடை என்று ஏதேனும் ஒரு பெயருரிமையை நாடுகின்றனர். பங்குத்தந்தையை அணுகி ஆசி கேட்போரும் உண்டு. ஒப்பந்தத்தைக் காட்டுவோர் குறைவு.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும், பெயருரிமை விற்பவர் ஒப்பந்தத்திற்கு முன்பே முக்கிய விவரங்களை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டம் உண்டு. இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் கிடையாது; 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே முதன்மைத் துணை. எனவே கேட்க வேண்டியவற்றை நாமே கேட்டாக வேண்டும். பங்கு விற்பனையில் கணக்கிடப்படுமா, இலாபத்திலா? கெட்ட சரக்கின் விலை யாரைச் சேரும்? அதே பெயரில் மற்றொரு கடையை அடுத்த தெருவில் திறக்க மாட்டோம் என்று எழுத்தில் உண்டா? ஜப்பானில் ஒரே வட்டாரத்தில் கடைகளை நெருக்கமாகத் திறப்பதே நிறுவனங்களின் உத்தியாயிருந்தது. சொந்தப் பெயரே போட்டியாக எதிரில் வந்து நிற்கும். இடையில் விலக நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? இப்போது கடை நடத்துபவர் ஒருவரையும், நடத்தி விட்டுவிட்டவர் ஒருவரையும் தேடிச் சென்று பேசுவது நலம். நிறுவனம் காட்டும் ஆளை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது.

இன்னொன்றையும் கணவனும் மனைவியும் தனியே அமர்ந்து பேசிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் இருவரை நம்பி எழுதப்படுகிறது. அவர்களில் ஒருவர் நோயுற்றால், ஒருவர் மறைந்தால், மறுநாள் காலையில் கடையை யார் திறப்பது? அதற்கு ஒப்பந்தத்தில் விடை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று விற்பவரிடம் கேட்டு, அந்தப் பக்கத்தை இருவரும் உரக்கப் படித்த பின்னரே பேனாவை எடுப்பாராக.